முன்பருவச் சோதனை ஓட்டம் (பார்முலா 1)

முன்பருவச் சோதனை ஓட்டம் என்பது பார்முலா 1 உள்ளிட்ட தானுந்துப் பந்தயத் தொடர்களில், ஆண்டின் முதற் பந்தயத்திற்கு முன் அணிகள் தமது புதிய தானுந்துகளைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நிகழ்வாகும். இது பெரும்பாலும் சனவரி இறுதியிலிருந்து மார்ச்சு நடுப்பகுதி வரையிலான காலத்தில் நடைபெறும். இந்த ஓட்டங்களுக்குப் புள்ளிகளோ பரிசோ கிடையாது. ஆயினும் வரவிருக்கும் பருவத்தில் எந்தத் தானுந்து விரைவானது, எது பழுதின்றி ஓடக்கூடியது என்பதற்கான முதல் தடயங்கள் இங்குதான் கிடைக்கின்றன. ஒவ்வொரு நாளின் முடிவிலும் வெளியாகும் நேரப் பட்டியலை அப்படியே தரவரிசையாகக் கொள்வது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். தானுந்தில் இருந்த எரிபொருளின் அளவு, டயரின் வகை, பொறியின் ஆற்றல் நிலை ஆகியவை வெளியாருக்குத் தெரிவிக்கப்படாமையே இதற்குக் காரணம்.

தமிழ்நாட்டைச் சேர்ந்த பார்முலா 1 ஓட்டுனர்களான நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் ஆகிய இருவரும் முன்பருவச் சோதனை இல்லாத தானுந்துகளில் பருவத்தைத் தொடங்க நேர்ந்தவர்கள். சோதனையின் தேவையை விளக்க அவர்களது பட்டறிவு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

நோக்கம்

பார்முலா 1 தானுந்து ஒன்று ஆயிரக்கணக்கான உறுப்புகளைக் கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வடிவமைக்கப்படுகின்றன. வடிவமைப்பு நிலையில் கணினிப் பாவனையும் காற்றுச் சுரங்கச் சோதனையும் பயன்படுகின்றன. ஆனால் காற்றுச் சுரங்கத்தில் முழு அளவுத் தானுந்தைச் சோதிக்க விதிகள் இடந்தருவதில்லை. 60 விழுக்காட்டு அளவு வரையிலான மாதிரியை, நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. என்ற காற்று வேகம் வரை மட்டுமே சோதிக்கலாம். உண்மையான தானுந்து மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் செல்லும். எனவே கணித்த மதிப்புகளும் தடத்தில் அளந்த மதிப்புகளும் ஒத்துப்போகின்றனவா எனப் பார்ப்பதே சோதனையின் முதல் நோக்கமாகும். பிற நோக்கங்கள் வருமாறு:

* பொறி, கியர்பெட்டி, குளிர்விப்பு, நீரியல் அமைப்பு ஆகியவை பந்தயத் தொலைவு முழுவதும் தாங்குகின்றனவா என அறிதல்
* டயர் வகைகளின் வேகத்தையும் தேய்மானத்தையும் அளத்தல்
* ஓட்டுனர் புதிய தானுந்தின் இயல்பையும் திசைமாற்றிச் சக்கரத்திலுள்ள கட்டுப்பாடுகளையும் பழகுதல்
* பணியாளர்கள் டயர் மாற்றம், தொடக்க ஓட்டம் முதலியவற்றைப் பயிலுதல்

சோதனையின்போது சில தானுந்துகளின் முன்சக்கரங்களுக்குப் பின்னால் கம்பி வலைச் சட்டம் போன்ற அமைப்பைக் காணலாம். இது காற்றழுத்த உணரிகளின் தொகுப்பாகும். இறக்கைகளின் மீது பூசப்படும் ஒளிரும் வண்ணக் கலவை, காற்று செல்லும் வழியைக் கோடுகளாகக் காட்டுகிறது. இத்தகைய சாதனங்களுடன் ஓடும் தானுந்தின் சுற்று நேரத்தை வேக மதிப்பீட்டிற்குப் பயன்படுத்த முடியாது.

வரலாறும் விதிமுறைகளும்

2000களின் முற்பகுதி வரை சோதனைக்குக் கடுமையான வரம்புகள் இருக்கவில்லை. பெரிய அணிகள் தனிச் சோதனைக் குழுக்களையும் சோதனை ஓட்டுனர்களையும் கொண்டிருந்தன. பெராரி அணிக்கு 1972 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பியோரானோ என்ற சொந்தத் தடமே உண்டு. பணபலம் மிக்க அணிகள் ஆண்டு முழுவதும் ஓடிப் பார்க்க முடிந்ததால் சிறிய அணிகள் பின்தங்கின.

செலவைக் குறைக்கும் பொருட்டு 2009 ஆம் ஆண்டில் பருவத்தின் நடுவே சோதனை செய்வது தடை செய்யப்பட்டது. ஆண்டு முழுமைக்குமான சோதனைத் தொலைவும் 15,000 கி.மீ. என வரையறுக்கப்பட்டது. பின்வந்த சில ஆண்டுகளில் பருவ நடுச் சோதனை குறைந்த அளவில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனினும் முன்பருவச் சோதனை நாட்கள் தொடர்ந்து குறைந்தன. 2015 இல் 12 நாட்கள், 2016 முதல் 2019 வரை 8 நாட்கள், 2020 இல் 6 நாட்கள், 2021 இல் 3 நாட்கள் என இவை அமைந்தன. புதிய காற்றியக்கவியல் விதிகள் அறிமுகமான 2022 இல் மீண்டும் 6 நாட்கள் ஒதுக்கப்பட்டன. 2023 முதல் 2025 வரை பகுரைனில் 3 நாட்கள் மட்டுமே சோதனை நடைபெற்றது. பொறி விதிகளும் தானுந்து விதிகளும் ஒருங்கே மாறிய 2026 பருவத்திற்கு, பார்சிலோனாவில் ஒன்றும் பகுரைனில் இரண்டுமாக மூன்று சோதனைகள் அட்டவணையிடப்பட்டன.

சோதனை நாட்கள் குறைந்ததால் ஒவ்வொரு மணி நேரத்தின் மதிப்பும் உயர்ந்துள்ளது. மூன்று நாட்களில் அரை நாளைப் பழுதால் இழக்கும் அணி தன் மொத்த வாய்ப்பில் ஆறில் ஒரு பங்கை இழக்கிறது.

வேகத்தை மதிப்பிடுதல்

சுற்று நேரம் ஒன்றின் பொருளைத் தீர்மானிக்கும் காரணிகள் கீழே தரப்பட்டுள்ளன.

எரிபொருள்: தானுந்தின் எடை கூடினால் வேகம் குறையும். தடத்தைப் பொறுத்து மாறினாலும், 10 கிலோகிராம் எரிபொருளுக்குச் சுற்றொன்றுக்கு ஏறத்தாழ 0.3 நொடி என்பது பரவலாகப் பயன்படும் தோராய மதிப்பாகும். 2019 முதல் 2025 வரை பந்தயமொன்றிற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எரிபொருள் 110 கிலோகிராம். எனவே ஏறத்தாழ வெறுந்தொட்டியுடன் ஓடும் தானுந்துக்கும் நிறைதொட்டியுடன் ஓடும் அதே தானுந்துக்கும் இடையே 3 நொடிகளுக்கு மேல் வேறுபாடு இருக்கலாம். முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் இடையிலான உண்மையான வேறுபாடே பல ஆண்டுகளில் இதைவிடக் குறைவாகும்.

டயர்: 2019 முதல் பிரெல்லி நிறுவனம் தன் டயர்களை சி1, சி2 என எண்ணிட்டு வருகிறது. எண் கூடக் கூட டயர் மென்மையாகும். மென்மையான டயர் விரைவானது, ஆனால் விரைந்து தேயும். அடுத்தடுத்த இரு வகைகளுக்கிடையே பொதுவாக ஒரு நொடிக்கும் குறைவான வேறுபாடு இருக்கும். புதிய டயரா, ஓடிய டயரா என்பதும் முக்கியமானது.

பொறியின் நிலை: பொறிகளை முழு ஆற்றலில் இயக்கினால் அவற்றின் ஆயுள் குறையும். எனவே சோதனையின்போது அணிகள் பெரும்பாலும் குறைந்த ஆற்றல் நிலையிலேயே ஓடுகின்றன. நேர்சாலையின் முடிவில் பதிவாகும் உச்ச வேகத்தைக் கொண்டு இதனை ஓரளவு ஊகிக்கலாம்.

தடத்தின் நிலை: பகுரைனில் நண்பகலில் தடம் மிகுந்த வெப்பத்துடன் இருக்கும். மாலையில் அது குளிரும்போது நேரங்கள் மேம்படும். பாலைவனக் காற்றின் திசையும் மணலும் நேரத்தைப் பாதிக்கின்றன. எனவே காலை நேரத்தையும் மாலை நேரத்தையும் நேரடியாக ஒப்பிடுதல் கூடாது.

எடுத்துக்காட்டுக் கணக்கு

அ, ஆ என்னும் இரு கற்பனைத் தானுந்துகளைக் கொள்வோம். அ தானுந்து மிக மென்மையான டயரில், 10 கிலோகிராம் எரிபொருளுடன் 1 நிமிடம் 30.0 நொடியில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆ தானுந்து நடுத்தர டயரில், 60 கிலோகிராம் எரிபொருளுடன் 1 நிமிடம் 31.6 நொடி எடுத்துக்கொள்கிறது. பட்டியலில் அ 1.6 நொடி முன்னே நிற்கும்.

எரிபொருள் வேறுபாடு 50 கிலோகிராம். இதன் விளைவு 50 × 0.03 = 1.5 நொடி. டயர் வேறுபாடு 0.6 நொடி எனக் கொண்டால் மொத்தத் திருத்தம் 2.1 நொடி ஆகும். இதைக் கழித்தால் ஆ தானுந்தின் நேரம் 1 நிமிடம் 29.5 நொடி. அதாவது உண்மையில் ஆ தானுந்தே 0.5 நொடி விரைவானது.

இக்கணக்கில் ஒரு நுட்பமும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர் 60 கிலோகிராம் என்பதை ஊகிக்கவே முடியும். அந்த ஊகத்தில் 20 கிலோகிராம் பிழை இருந்தால் விடையில் 0.6 நொடி பிழை ஏற்படும். நாம் கண்டறிந்த வேறுபாடு 0.5 நொடி மட்டுமே. பிழையின் அளவு விடையைவிடப் பெரிதாக இருக்கும்போது, எது விரைவானது என்று உறுதிபடக் கூற இயலாது. தனிச் சுற்று நேரங்களைக் கொண்டு அணிகளைத் தொகுதிகளாகப் பிரிக்கலாமே தவிர, ஒவ்வோர் அணிக்கும் துல்லியமான இடம் தர இயலாது.

நீண்ட ஓட்டமும் பந்தயப் பாவனையும்

தனிச் சுற்று நேரத்தைவிட நீண்ட ஓட்டங்கள் நம்பத் தகுந்தவை. ஒரே டயரில் இடைவிடாமல் 15 சுற்றுகள் ஓடும் தானுந்து குறைந்தது அந்த 15 சுற்றுகளுக்குத் தேவையான எரிபொருளையேனும் கொண்டிருக்க வேண்டும். ஓடிய சுற்றுகளின் எண்ணிக்கையே எரிபொருளின் கீழ்வரம்பைக் காட்டிவிடுகிறது.

பந்தயப் பாவனை என்பது முழுப் பந்தயத் தொலைவையும் இடையில் டயர் மாற்றம் மட்டும் செய்து ஓடுவதாகும். பகுரைன் தடத்தின் நீளம் 5.412 கி.மீ., பந்தயம் 57 சுற்றுகள். எரிபொருள் நிரப்பாமல் 57 சுற்றுகளையும் ஓட வேண்டுமாயின் ஏறத்தாழ நிறைதொட்டியுடன் தொடங்கியாக வேண்டும். ஆகவே இரு அணிகள் ஒரே நாளில், ஒரே வேளையில் பந்தயப் பாவனை செய்தால் அவற்றை ஒப்பிடுவதில் எரிபொருள் பற்றிய ஐயம் பெருமளவு நீங்குகிறது.

நீண்ட ஓட்டத்திலிருந்து டயர்த் தேய்மானத்தையும் கணக்கிடலாம். 110 கிலோகிராம் எரிபொருள் 57 சுற்றுகளில் தீர்கிறது எனில் சுற்றுக்கு ஏறத்தாழ 1.93 கிலோகிராம் எரிகிறது. எடை குறைவதால் மட்டுமே தானுந்து ஒவ்வொரு சுற்றிலும் 1.93 × 0.03 = ஏறத்தாழ 0.06 நொடி விரைவாக வேண்டும். ஆனால் அளந்த நேரங்கள் சுற்றுக்கு 0.04 நொடி வீதம் மெதுவாகின்றன எனில், டயரின் உண்மையான தேய்மான இழப்பு 0.06 + 0.04 = 0.10 நொடி ஆகும். இம்மதிப்பு குறைவாக உள்ள அணி, தனிச் சுற்றில் சற்றுப் பின்தங்கினாலும் பந்தயத்தில் முந்த வாய்ப்புண்டு.

நம்பகத்தன்மையை மதிப்பிடுதல்

நம்பகத்தன்மையின் எளிய அளவுகோல் ஓடிய மொத்தச் சுற்றுகளின் எண்ணிக்கை ஆகும். எரிபொருள் அளவைப் போல் இதனை மறைக்க இயலாது. எனினும் இதிலும் சில வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும்.

* சுற்றுகள் தொடர்ச்சியானவையா: ஐந்தைந்து சுற்றுகளாக ஓடிய 100 சுற்றுகளும், இருபது இருபதாக ஓடிய 100 சுற்றுகளும் ஒன்றல்ல. வெப்பம் தொடர்பான பழுதுகள் நீண்ட ஓட்டத்தில்தான் வெளிப்படும்.
* பழுதின் தன்மை: மின்கம்பி இணைப்புத் தளர்வு ஓர் இரவில் சரிசெய்யக் கூடியது. பொறியின் அடிப்படை வடிவமைப்பில் உள்ள குறை பல மாதங்கள் நீடிக்கும்.
* அதே பழுது மீண்டும் நிகழ்கிறதா: ஒரே பழுது இருமுறை வந்தால் காரணம் இன்னும் அறியப்படவில்லை எனக் கொள்ளலாம்.
* ஒரே பொறியைப் பயன்படுத்தும் பிற அணிகளின் நிலை: அவற்றுக்கும் அதே பழுது எனில் குறை பொறியில் உள்ளது. ஓர் அணிக்கு மட்டும் எனில் குறை தானுந்தின் உடலமைப்பிலோ பொறியைப் பொருத்திய முறையிலோ இருக்கலாம்.

பழுதே இன்றிச் சோதனையை முடித்த அணியைக் குறித்தும் எச்சரிக்கை தேவை. புள்ளியியலில் மூன்றின் விதி என ஒன்று உண்டு. ஒரு நிகழ்வு n முறை முயன்றும் ஒருமுறைகூட நிகழவில்லை எனில், அதன் நிகழ்வீதம் 3/n ஐ விடக் குறைவு என 95 விழுக்காடு உறுதியுடன் கூறலாம் என்பதே அவ்விதி. தானுந்து ஒன்று மூன்று நாட்களில் 400 சுற்றுகள், அதாவது ஏறத்தாழ 2,165 கி.மீ. பழுதின்றி ஓடியதாகக் கொள்வோம். பழுது வீதம் கிலோமீட்டருக்கு 3/2,165 வரை இருக்கலாம். 308 கி.மீ. பந்தயமொன்றிற்கு இது 0.43 ஆகும். பழுதுகள் சீரான வீதத்தில் நிகழ்வதாகக் கொண்டால், அத்தானுந்து பந்தயத்தை முடிக்காமல் போகும் வாய்ப்பு 35 விழுக்காடு வரை இருக்க முடியும். மூன்று நாள் குறைபாடற்ற ஓட்டம்கூடப் பந்தய நாளுக்கு முழு உறுதி அளிப்பதில்லை என்பதே இதன் பொருள்.

மறைத்தலும் மிகைப்படுத்தலும்

தன் உண்மையான வேகத்தைப் போட்டியாளர்களிடமிருந்து மறைக்க வேண்டுமென்றே மெதுவாக ஓடுவது சாண்ட்பேகிங், அதாவது மணல்மூட்டை ஏற்றுதல் எனப்படுகிறது. உண்மையில் மணல்மூட்டை எதுவும் ஏற்றப்படுவதில்லை. கூடுதல் எரிபொருளே அந்தப் பணியைச் செய்கிறது.

இதற்கு நேர்மாறானது விளம்பர ஓட்டம். பணநெருக்கடியில் உள்ள அணிகள் ஆதரவாளர்களைக் கவர்வதற்காக மிகக் குறைந்த எரிபொருளுடன் ஓடிப் பட்டியலின் உச்சியைப் பிடிக்கும். சோதனையில் ஓடும் தானுந்து, பந்தயத்தில் கட்டாயமான குறைந்தபட்ச எடையைக் கொண்டிருக்கிறதா என ஒவ்வோர் ஓட்டத்திற்கும் பின் சரிபார்க்கப்படுவதில்லை. 2001 ஆம் ஆண்டு முன்பருவச் சோதனைகளில் சீன் அலேசி ஓட்டிய புரோசுட்டு அணித் தானுந்து முன்னணி நேரங்களைப் பதிவு செய்தது. ஆனால் அந்தப் பருவம் முழுவதும் அணி பெற்றவை 4 புள்ளிகள் மட்டுமே. 2002 இன் தொடக்கத்தில் அணி மூடப்பட்டது.

குறிப்பிடத்தக்க சோதனைகள்

2009: ஓண்டா நிறுவனம் விலகியதால் கைவிடப்படவிருந்த அணி, பிரான் அணி என்ற பெயரில் மார்ச்சு மாதத்தில்தான் பார்சிலோனாவில் ஓடத் தொடங்கியது. மற்ற அணிகளைவிட மிக விரைவாக இருந்ததால் இது விளம்பர ஓட்டமாக இருக்கலாம் எனப் பலர் ஐயுற்றனர். ஆனால் வேகம் உண்மையானது. சென்சன் பட்டன் முதல் 7 பந்தயங்களில் 6 ஐ வென்றார். ஓட்டுனர், அணி ஆகிய இரு பட்டங்களும் அவ்வணிக்கே கிடைத்தன.

2014: கலப்பினப் பொறிகள் அறிமுகமான ஆண்டு. செரசு நகரில் நடந்த முதற் சோதனையின் நான்கு நாட்களில், நான்குமுறை தொடர்ந்து பட்டம் வென்றிருந்த ரெட் புல் அணி ரெனோ பொறியின் சிக்கல்களால் 21 சுற்றுகளே ஓடியது. மெர்சிடிசு அணி 300 சுற்றுகளைக் கடந்தது. அப்பருவத்தின் 19 பந்தயங்களில் மெர்சிடிசு 16 ஐ வென்றது. ஆயினும் முதற் பந்தயமான ஆத்திரேலியாவில் முதலிடத்திலிருந்து தொடங்கிய லூயிசு ஆமில்டன், பொறிக் கோளாறால் சில சுற்றுகளிலேயே விலகினார். மேற்கூறிய மூன்றின் விதிக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

2015: மெக்லாரன் அணி ஓண்டா பொறியுடன் செரசுச் சோதனையில் நான்கு நாட்களில் 79 சுற்றுகள் மட்டுமே ஓடியது. பருவ முடிவில் 27 புள்ளிகளுடன் ஒன்பதாம் இடம் பெற்றது. அதே ஆண்டில் இந்தியரான விஜய் மல்லையாவை இணை உரிமையாளராகக் கொண்ட போர்சு இந்தியா அணியின் புதிய தானுந்து கடைசிச் சோதனையில்தான் களமிறங்கியது. எனினும் அவ்வணி ஐந்தாம் இடம் பிடித்தது. நன்கு அறிந்த பொறியும் முந்தைய ஆண்டின் அடிப்படை வடிவமைப்பும் கைகொடுத்தன. பின்னர் பருவத்தின் நடுவே மேம்படுத்தப்பட்ட தானுந்து வந்தது. சோதனை குறைவு என்பது எப்போதும் தோல்விக்கு இட்டுச் செல்வதில்லை என்பதை இது காட்டுகிறது.

2019: பார்சிலோனாச் சோதனையில் பெராரியின் செபாசுடியன் வெட்டல் பதிவு செய்த சிறந்த நேரத்திற்கும் மெர்சிடிசின் ஆமில்டன் பதிவு செய்ததற்கும் இடையே 0.003 நொடியே வேறுபாடு. பெராரியே முன்னணியில் உள்ளது எனப் பலரும் கணித்தனர். ஆனால் ஆத்திரேலியத் தகுதிச் சுற்றில் வெட்டல் 0.7 நொடி பின்தங்கினார். மெர்சிடிசு முதல் 8 பந்தயங்களையும் வென்றது.

2022: தரை விளைவு விதிகள் மீண்டும் வந்தபோது, வேகமாகச் செல்லும் தானுந்துகள் நேர்சாலையில் மேலும் கீழும் துள்ளின. போர்பாய்சிங் எனப்படும் இச்சிக்கல் பெரும்பாலான அணிகளுக்குத் தடத்தில்தான் தெரியவந்தது. காற்றுச் சுரங்க வேக வரம்பும் மாதிரியின் அளவும் இதனை முன்கூட்டியே காட்டவில்லை. மெர்சிடிசு அணி அப்பருவத்தில் ஒரே ஒரு பந்தயத்தில் வென்றது.

2023: ரெட் புல் அணி சோதனையிலேயே மிக விரைவாகவும் சீராகவும் ஓடியது. பருவத்தின் 22 பந்தயங்களில் 21 ஐ வென்றது. பட்டியல் உண்மையையே சொன்ன ஆண்டுகளுள் இது ஒன்று.

2025: மூன்று நாட்களின் மிகச் சிறந்த நேரத்தை வில்லியம்சு அணியின் கார்லோசு சைன்சு பதிவு செய்தார். ஆனால் நோக்கர்களின் கவனத்தை ஈர்த்தது மெக்லாரனின் லாண்டோ நோரிசு செய்த நீண்ட ஓட்டமாகும். நோரிசு முதற் பந்தயத்தையும் ஆண்டின் பட்டத்தையும் வென்றார். வில்லியம்சு அணி ஐந்தாம் இடம் பெற்றது.

சோதனையின்றிப் பந்தயம்: தமிழக ஓட்டுனர்கள்

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2001 ஆம் ஆண்டில் சில்வர்சுடோன் தடத்தில் சாகுவார் அணிக்காகச் சோதனை ஓட்டம் செய்து, பார்முலா 1 தானுந்தை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2005 இல் சோர்டான் அணியின் ஓட்டுனராகப் பந்தயங்களில் பங்கேற்றார். 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வில்லியம்சு அணியின் சோதனை ஓட்டுனராக இருந்தார். சோதனை தாராளமாக அனுமதிக்கப்பட்டிருந்த காலத்தில், பந்தய இடம் கிடைக்காத ஓட்டுனருக்கும் இவ்வாறு ஒரு வாய்ப்பு இருந்தது.

சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010 இல் இசுபானியா அணியில் இடம்பெற்றார். பின்னர் எச்ஆர்டி என அழைக்கப்பட்ட இவ்வணி, பணநெருக்கடியால் அவ்வாண்டின் முன்பருவச் சோதனை எதிலும் பங்கேற்கவில்லை. இத்தாலியின் டல்லாரா நிறுவனம் கட்டிய தானுந்து, முதன்முறையாகப் பகுரைன் பந்தய வாரத்தின் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில்தான் ஓடியது. அப்போது அதனை ஓட்டியவர் புரூனோ சென்னா. சந்தோக்கின் தானுந்து பயிற்சிகளுக்குத் தயாராகவில்லை. தன் பார்முலா 1 தானுந்தின் முதற் சுற்றுகளை அவர் தகுதிச் சுற்றிலேயே ஓட நேர்ந்தது. முன்னணித் தானுந்தைவிட ஏறத்தாழ 10 நொடிகள் பின்தங்கினார். பந்தயத்தின் தொடக்கத்திலேயே தடத்திலிருந்து விலகி மோதி வெளியேறினார். இரண்டு வாரங்களுக்குப் பின் ஆத்திரேலியாவில் 14 ஆம் இடத்தில் பந்தயத்தை முடித்தார். அணி பந்தயமொன்றை முடித்தது அதுவே முதன்முறை. பிற அணிகள் பிப்ரவரியில் செய்த பணியை இவ்வணி பந்தய நாட்களில் செய்தது எனலாம்.

2011 இல் கார்த்திகேயன் அதே அணியில் சேர்ந்தார். முன்பருவச் சோதனைகளில் அணி முந்தைய ஆண்டின் தானுந்தையே ஓட்டியது. எஃப்111 என்ற புதிய தானுந்து சோதனைக்கு வரவில்லை. மெல்பேர்ணில் வெள்ளிக்கிழமையின் பெரும்பகுதி தானுந்தைப் பூட்டுவதிலேயே கழிந்தது.

அவ்வாண்டில் 107 விழுக்காட்டு விதி மீண்டும் நடைமுறைக்கு வந்திருந்தது. தகுதிச் சுற்றின் முதற் பகுதியில் பதிவாகும் மிகச் சிறந்த நேரத்தின் 107 விழுக்காட்டிற்குள் ஓடாதவர் பொதுவாகப் பந்தயத்தில் சேர்க்கப்பட மாட்டார். வெட்டலின் நேரம் 1 நிமிடம் 25.296 நொடி, ஆகவே வரம்பு 1 நிமிடம் 31.266 நொடி. எச்ஆர்டி அணியின் விட்டான்டோனியோ லியூசி 1 நிமிடம் 32.978 நொடியும் கார்த்திகேயன் 1 நிமிடம் 34.293 நொடியும் எடுத்துக்கொண்டனர். இவை முறையே 109, 110.5 விழுக்காடுகள் ஆகும். இருவரும் பந்தயத்தில் பங்கேற்க முடியவில்லை.

அடுத்த பந்தயமான மலேசியாவில் இருவரும் தகுதி பெற்றனர், ஆனால் பந்தயத்தை முடிக்கவில்லை. மூன்றாவதான சீனப் பந்தயத்தை இருவரும் முடித்தனர். தகுதி பெறுதல், ஓடுதல், முடித்தல் என்ற இந்த முன்னேற்றம் மூன்று பந்தயங்களை எடுத்துக்கொண்டது. அக்டோபர் 30, 2011 இல் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்தியப் பெரும்பரிசுப் பந்தயத்தில் கார்த்திகேயன் 17 ஆம் இடத்தில் முடித்தார்.

2012 இலும் மோதல் பாதுகாப்புச் சோதனைகளில் ஏற்பட்ட தாமதத்தால் புதிய தானுந்து முன்பருவச் சோதனைகளைத் தவறவிட்டது. மெல்பேர்ணில் கார்த்திகேயனும் பேத்ரோ டி லா ரோசாவும் மீண்டும் 107 விழுக்காட்டிற்குள் ஓட இயலவில்லை. மலேசியாவில் இருவரும் தகுதி பெற்றனர். எச்ஆர்டி அணி 2012 இறுதியில் மூடப்பட்டது. மூன்று பருவங்களில் ஒரு புள்ளியும் பெறவில்லை. அதன் சிறந்த முடிவு 13 ஆம் இடமாகும்.

இவ்வோட்டுனர்களின் முடிவுகளை மற்றவர்களின் முடிவுகளோடு ஒப்பிடும்போது இப்பின்னணியைக் கருத்தில் கொள்ள வேண்டும். 107 விழுக்காட்டு விதி தானுந்தையும் ஓட்டுனரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மெல்பேர்ணில் இரு ஆண்டுகளும் அணியின் இரு தானுந்துகளுமே வரம்பைத் தாண்டின. அவற்றுள் ஒன்றை ஓட்டியவர்கள் கார்த்திகேயனைவிடக் கூடுதல் பார்முலா 1 பந்தய அனுபவம் கொண்டவர்கள். எனவே குறை முதன்மையாகத் தானுந்தின் ஆயத்தத்தில் இருந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

தமிழ்நாட்டில் சோதனை ஓட்டம்

தமிழ்நாட்டின் முதன்மையான பந்தயத் தடம், காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் அமைந்துள்ளது. 1953 இல் தொடங்கப்பட்ட மெட்ராசு மோட்டார் விளையாட்டுக் கழகம் இதனை நிறுவியது. அதற்கு முன்னர் சோழவரத்திலுள்ள பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்று வந்தன. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் நீளம் 3.717 கி.மீ. ஆகும். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், பந்தய ஓட்டுனரும் தானுந்து வடிவமைப்பாளருமான கரிவரதனின் பெயரால் அமைந்த கரி மோட்டார் சுபீடுவே என்ற தடம் உள்ளது.

உள்நாட்டுத் தொடர்கள் பலவற்றில் எல்லா ஓட்டுனர்களும் ஒரே வகைத் தானுந்தையும் டயரையும் பயன்படுத்துகின்றனர். ஆகவே அங்கு பார்முலா 1 இல் உள்ள மறைவான காரணிகள் குறைவு. சுற்று நேரங்களைக் குறித்துக்கொண்டு, மேலே கூறிய முறையில் தேய்மானத்தைக் கணக்கிட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு இத்தகைய பந்தயங்கள் ஏற்றவை. ஒரு நிறுத்தக் கடிகாரமும் குறிப்பேடும் போதுமானவை.

மதிப்பீட்டுச் சுருக்கம்

* அன்றைய மிகச் சிறந்த நேரத்தைவிட நீண்ட ஓட்டத்தின் சராசரி நேரமே கூடுதல் பொருளுடையது.
* ஒரே நாளில், ஒரே வேளையில், ஒரே வகை டயரில் ஓடிய நேரங்களை மட்டுமே ஒப்பிடுக.
* கண்ட வேறுபாடு, எரிபொருள் பற்றிய ஊகத்தின் பிழையைவிடச் சிறிதாயின் இரு அணிகளும் சமம் எனக் கொள்க.
* மொத்தச் சுற்றுகள் குறைவு என்பது உறுதியான எச்சரிக்கை. மொத்தச் சுற்றுகள் மிகுதி என்பது அரைகுறையான உறுதிமொழி மட்டுமே.
* முதற் பந்தயத்தின் தகுதிச் சுற்றே அனைத்து அணிகளும் குறைந்த எரிபொருளுடனும் முழு ஆற்றலுடனும் ஓடும் முதல் நிகழ்வாகும். அதுவரை செய்யப்படும் மதிப்பீடுகள் யாவும் இடைக்கால மதிப்பீடுகளே.

இவற்றையும் பார்க்க

* நரேன் கார்த்திகேயன்
* கருண் சந்தோக்
* எச்ஆர்டி அணி
* 107 விழுக்காட்டு விதி
* இந்தியப் பெரும்பரிசுப் பந்தயம்
* இருங்காட்டுக்கோட்டை